ஒரு சத்தம்கூட இல்லை

“ஊசியா? பிள்ளை பெறுறதுக்கா?” சோபாவில் சாய்ந்தபடியே சிரித்தாள் மூத்த மருமகள். “நான் ரெண்டு பெத்தேன். ஒரு ஊசி கிடையாது. வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டிருப்பேனா? வேணா அத்தைகிட்ட கேளு.”

நிறைமாதமாக எதிரே உட்கார்ந்திருந்த இளைய மருமகள், மாமியாரைப் பார்த்தாள்.

அவர் காலி டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் டீயைத் தொடாத ஒரே ஆள் அவர்தான். ஆனால் மூத்தவள் பிரசவக் கதையை ஆரம்பித்தால் மட்டும் டம்ளர் எடுக்க முதல் ஆளாக எழுந்துவிடுவார்.

“ம்” என்றார். உள்ளே போய்விட்டார்.

மௌனம் சம்மதம் என்பார்கள். யார் பக்கத்துச் சம்மதம் என்பதில் இளையவளுக்குச் சந்தேகமே இல்லை.

அவளுக்கு இது தலைப்பிரசவம். பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை. ஆறடி ஆம்பளைகள்கூட, “மரத்துப்போற ஊசியை நல்லா போட்டுட்டீங்கல்ல?” என்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். ஒரு பல்லுக்கே ஊசி உண்டு. முழுசாக ஒரு பிள்ளைக்கு மட்டும் கூடாதாம்.

டாக்டரம்மா படிவம் கொடுத்திருந்தார். வலி தெரியாமலிருக்க முதுகில் ஊசி. வேண்டும், வேண்டாம் என்று இரண்டு கட்டம். மூன்று வாரமாக அது கைப்பைக்குள் கசங்கிக்கொண்டிருந்தது. போட்டுக்கொண்டால் காலத்துக்கும் பேச்சு கேட்க வேண்டும். போடாவிட்டால் தாங்க முடியுமா என்று நிஜமாகவே பயமாக இருந்தது.

“போட்டுக்கோயேன்” என்றான் கணவன்.

“உங்க அம்மா என்ன சொல்வாங்க?”

“அதுவும் சரிதான்” என்று செல்போனை எடுத்துக்கொண்டான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

ஆஸ்பத்திரிப் பையை மாமியார்தான் அடுக்கினார். துணி, துண்டு, பிள்ளைக்குத் தொப்பி. கடைசியில் ஒரு குட்டி எண்ணெய் பாட்டிலும் கொஞ்சம் பஞ்சும் வைத்தார்.

“எண்ணெய் எதுக்கு அத்தை? பிள்ளைக்கு இப்போ எதுவும் தடவக் கூடாதுன்னு நர்ஸ் சொன்னாங்களே?”

“பிள்ளைக்குன்னு யார் சொன்னா? கிடக்கட்டும்.” ஜிப்பை இழுத்து மூடினார்.

ஒருநாள் காலையில் வலி வந்தது. மத்தியானத்துக்குள் கட்டில் கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்துவிட்டன. பக்கத்திலேயே மாமியார். இளையவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு சத்தம் வந்தாலும் மூத்தவளுக்குச் செய்தி போய்விடுமே.

நர்ஸ் குனிந்தாள். “ஊசி வேணுமாம்மா? இப்பவே சொல்லிடுங்க. நேரம் போயிட்டா போட முடியாது.”

இளையவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் சுவரைப் பார்த்தார்.

“நான் போய் ஒரு டீ குடிச்சுட்டு வந்துடுறேன்” என்று எழுந்தார்.

கதவு சாத்திய மறுநொடி, இளையவள் கைப்பையிலிருந்த படிவத்தை நர்ஸை எடுத்துத் தரச் சொல்லி, ‘வேண்டும்’ கட்டத்தில் காகிதம் கிழிய டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டாள்.

டீ ஒரு மணி நேரம் ஆயிற்று. மாமியார் திரும்பி வந்தபோது மருமகள் நிம்மதியாகக் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

“வலி கொஞ்சம் தணிஞ்சிருக்கு போல?”

“ஆமா அத்தை. தானா தணிஞ்சிடுச்சு.” கூசாமல் புளுகினாள்.

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது.

மறுநாள் காலை போன் வந்தது. மூத்தவள்தான். “கீழ லிஃப்ட்கிட்ட நிக்கிறேன். எந்த ரூம்?”

இளையவளுக்கு உயிரே போய்விட்டது. ஆஸ்பத்திரி அங்கிக்கு முதுகுப் பக்கம் வெறும் நாடாதான். ஊசி போட்ட இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பிளாஸ்திரி. ‘நாளைக்கு எடுத்துடலாம்’ என்று நர்ஸ் நேற்றுச் சொன்னது நினைவுக்கு வந்து, கையைப் பின்னால் வளைத்துப் பார்த்தாள். எட்டவில்லை.

“திரும்பு” என்றார் மாமியார்.

“எதுக்கு அத்தை?”

“திரும்புன்னா திரும்பு.”

திரும்பினாள். குட்டு உடைந்தது, இனி மூத்தவள் காதுக்குப் போக வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தாள்.

முதுகில் சில்லென்று எதுவோ பட்டது. எண்ணெய். பஞ்சால் பிளாஸ்திரியின் ஓரமெல்லாம் ஒற்றிக்கொண்டிருந்தார் மாமியார்.

“அத்தை, நான் உங்ககிட்ட கேக்காம...”

“கேக்காம போட்டுக்கத்தானே ஒரு மணி நேரம் எழுந்து போனேன். டீ குடிக்கிறவளா நான்? அந்த கேன்டீன் நாற்காலியில உட்கார்ந்து என் இடுப்பு போச்சு.”

இளையவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். “ஆனா நீங்க மூணு பிள்ளையையும் ஊசி இல்லாமத்தானே பெத்தீங்க?”

“என்கிட்ட யாரு கேட்டா? கேட்டிருந்தா, ரெண்டா போடுங்கன்னு சொல்லியிருப்பேன்.”

பிளாஸ்திரி உரிந்து வந்ததே தெரியவில்லை. அதைச் சுருட்டித் தன் பர்ஸுக்குள் போட்டுக்கொண்டார். அங்கியின் நாடாவை இறுக்கிக் கட்டினார். வெளியே மூத்தவளின் செருப்புச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் அத்தை. சிரிப்பாங்க.”

“அவளா?” மாமியார் எண்ணெய் பாட்டிலை மூடிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். “அவ முதுகுப் பிளாஸ்திரியை எண்ணெய் தொடாம சும்மா உரிச்சுட்டேன். பிரசவத்துக்கு ஒரு சத்தம் போடாதவ, அதுக்குக் கத்தின கத்துல பக்கத்து ரூம்ல இருந்தெல்லாம் ஓடி வந்துட்டாங்க!”