கொழுப்பு மாத்திரை

சுரங்க ஆஸ்பத்திரியில் அன்புச்செல்வனின் முட்டியை டாக்டர் மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"வீக்கமே இல்லையே. மாத்திரையை நிறுத்திடலாம்."

"வாணாங்க. அத நிறுத்துனா மைன்ஸ் ஏணியில கால் வைக்க முடியாது."

"அது நம்ம உடம்புலயே இருக்குற ஒரு கொழுப்புதான். வலியைக் கூட்டுற என்சைமை அடக்கும். அதுக்காகச் சும்மா சாப்பிடக் கூடாது. காலையில எழுந்ததும் வலிக்குதா?"

"கேட்டுட்டு வந்து சொல்றேங்க."

டாக்டர் நிமிர்ந்தார். "யாரை?"

அன்புச்செல்வன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தம்பியைங்க. மைன்ஸுக்கு எங்க நெலத்தை எடுத்தப்ப வூட்டுக்கு ஒரு வேலைன்னாங்க. எனக்குக் கெடச்சுது, பர்மனென்ட் ஆயிட்டேன். அவன் இன்னும் கான்ட்ராக்ட்டுதான், ஆஸ்பத்திரி கார்டு கெடையாது."

டாக்டர் எதுவும் எழுதாமல் பேனாவை மூடினார்.

"சாயங்காலம் என் குவார்ட்டர்ஸுக்கு வாங்க. வலிக்கிற முட்டியையும் கூட்டிட்டு வாங்க."