டேப்பட் கவரில் ஒரு கை

இரண்டாவது தடவையும் பெயின்ட் உரிந்துகொண்டு வந்தது. அதே இடம், அதே வடிவம். ஐந்து விரலும் ஒரு உள்ளங்கையும்.

சைமன்ராஜ் தன் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தான். அவன் கை பெரிசு. இது பொம்பளைக் கை.

மந்தாரக்குப்பத்தில் பதினெட்டு வருஷமாகக் கார் பட்டறை வைத்திருக்கிறான். இஞ்சின் தலையில் மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும் டேப்பட் கவரைப் புதுசாக்குவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. பழைய பெயின்ட்டைச் சுரண்டி, எமரித் தாள் போட்டுத் தேய்த்து, தின்னரில் துடைத்து, கறுப்பு அடித்து, எழும்பி நிற்கும் எழுத்தை மட்டும் பாலிஷ் போட்டுவிட்டால் அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். பானட்டைத் தூக்குகிறவன் அந்தப் பளபளப்பிலேயே சொக்கிப்போவான். அடியில் இருப்பதை யார் பார்க்கிறார்கள்?

இந்த வண்டியில் அடியில் இருந்தது விரிசல். புரோக்கர் சிங்காரவேலு கொண்டுவந்த கார். இஞ்சின் சூடேறினால் ஓடுகிற ஓட்டத்திலேயே நின்றுவிடும். அப்படி நின்றபோதுதான் பின்னால் வந்த லாரி மோதி, ஓட்டிவந்த டீச்சரம்மா போய்ச் சேர்ந்தார். நசுங்கிய பின்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தியாகிவிட்டது. விரிசலுக்குப் பசை பூசியாகிவிட்டது. கவர் ஒன்றுதான் பாக்கி.

வாங்கப்போகிறவன் பக்கத்து ஊர் வடக்குத்து அறிவுச்செல்வன். நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவன்.

"அந்தப் புள்ளைக்கு கைக்கொழந்த இருக்குதாங்க" என்று மனைவி லிடியா ஒரே ஒரு தடவை சொன்னாள்.

"சிங்காரவேலு வண்டி குடுக்கலன்னா நம்ம வூட்டுல அடுப்பு எரியாது. நீ ஒன் வேலையப் பாரு."

அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தக் கையும் வந்தது.

தின்னரில் துடைத்த அலுமினியத்தைக் கையால் தொட்டால் போச்சு. கைப்பிசுக்கு பட்ட இடத்தில் பெயின்ட் நிற்காது. பட்டறையில் வேறு ஆள் கிடையாது. லிடியாவோ பெயின்ட் வாசத்துக்குத் தலை வலிக்கிறது என்று பின்னாலேயே இருக்கும் வீட்டிலிருந்து இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அப்படியென்றால் யார்? டீச்சரம்மா நினைப்பு வந்தது.

மூன்றாவது தடவை, ஊறிய எண்ணெயெல்லாம் கக்கட்டும் என்று, பேக்கரிக்காரர் கழித்துப்போட்ட ஓவனில் கவரை வைத்துச் சூடேற்றினான். காலை ஷிப்ட் பஸ்கள் போய்த் தெரு அடங்கியிருந்தது. கவரை இடுக்கியால் எடுத்து ஸ்டாண்டில் வைத்தபோது போன் அடித்தது. சிக்னல் கிடைக்காமல் வாசலுக்குப் போனான்.

"பத்து மணிக்குப் பார்ட்டியக் கூட்டிக்கினு வரேன்" என்றார் சிங்காரவேலு.

திரும்பி வந்தால், வெறும் உலோகத்தின் மேல் கை இருந்தது. பழுப்பாக, தீய்ந்துபோய். விரல் நுனிகளிலிருந்து மெல்லிசாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

தண்ணீரைத் தொட்டுத் தெளித்தான். சுர்ரென்று ஆவியானது. உயிருள்ள எதுவும் கை வைக்க முடியாத சூடு. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். ஆள் அரவமே இல்லை. வீட்டுக்குள் குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பத்து மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். லிடியா டீ கொண்டுவந்து இடது கையால் நீட்டினாள்.

"நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல பீச்சாங்கையா?" என்று முகம் சுளித்தார் சிங்காரவேலு.

"அறிவிருக்குதா ஒனக்கு? உள்ள போ" என்று சைமன்ராஜ் எரிந்து விழுந்தான். அவள் உள்ளே போய்விட்டாள்.

அறிவுச்செல்வன் காரைச் சுற்றிவந்தான். "எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாதுண்ணே. நீங்க நல்லாருக்குன்னா எடுத்துக்கறேன். பொண்டாட்டி புள்ளைய ஏத்திக்கினு நாளைக்கே மாமியா வூட்டுக்குப் போவணும்."

சைமன்ராஜ் திரும்பிப் பார்த்தான். ஸ்டாண்டில் இருந்த கை, ஐந்து விரலையும் விரித்து 'நில்' என்பது போலவே இருந்தது.

"எடுக்காத தம்பி" என்றான். விரிசல், பசை, லாரி, டீச்சரம்மா, எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"இனிமே ஒன் பட்டறைக்கு ஒரு வண்டி வராதுடா" என்று சொல்லிவிட்டு சிங்காரவேலு கிளம்பினார். அறிவுச்செல்வன் சைமன்ராஜின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு அவனும் போனான்.

சைமன்ராஜ் வீட்டுக்குள் போய்த் தொப்பென்று உட்கார்ந்தான்.

"லிடியா, அது டீச்சரம்மா ஆவிதான். மூணு தடவ வந்து சொல்லிச்சு. கடைசியில நெருப்புலயே கைய வெச்சி சொல்லிச்சு. அது மட்டும் வரலன்னா நான் ஒரு குடும்பத்தையே கொன்னுருப்பன். பாதர்கிட்ட சொல்லி அவங்க பேருல ஒரு பூசை வெக்கணும்."

லிடியா முந்தானைக்குள் சுற்றியிருந்த வலது கையை மெல்லப் பிரித்து அவன் முன்னால் நீட்டினாள். உள்ளங்கைத் தோல் அந்தப் பெயின்ட் மாதிரியே உரிந்திருந்தது.

"பூசைய அப்பறம் வெக்கலாங்க. மொதல்ல மெடிக்கல்ல ஒரு பர்னால் வாங்கிக்கினு வாங்க."