மருந்து போடாத வைன்

இத்தாலியின் பலெர்மோவில் உண்மையான வைன் இரண்டே இடங்களில்தான் உண்டு. ஒன்று ஆலயத்தின் பூசைப் பாத்திரத்தில். மற்றது எமிலியானுஸின் கட்டிலுக்குக் கீழே.

இதைச் சொன்னவர் எமிலியானுஸ். சொல்லும்போது சிரிக்கவில்லை.

கபோ சந்தை கலைகிற நேரம் பார்த்து வாங்கிய கறுப்புத் திராட்சை. குளிக்கிற வாளியில் போட்டுக் கையாலேயே பிசைந்தது. புளித்து அடங்கியதும் பத்து லீற்றர்க் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வைத்தார். மன்னாரிலிருந்து மனைவி றோசமலர் வந்திறங்குகிற அன்று திறக்கவேண்டும்.

அறையின் மற்றக் கட்டில்காரன் ஸ்ரான்லியும் வைன் போடுகிறவன்தான். ஆனால் மருந்துக்காரன். வருஷக்கணக்காகக் கெடாமல் கிடக்கட்டும் என்று, வெள்ளைச் சல்ஃபைற் தூள் கலப்பான். வில்லையாகவும் விற்கிறார்கள், ஆனால் தூள்தான் அளவுக்கு நல்லது என்பான், மருமகன் தேடுகிற தகப்பனைப் போன்ற நிதானத்தோடு.

"பிரேதத்துக்குத்தான்ரா மருந்து ஏத்துறது," என்பார் எமிலியானுஸ். "என்ரை வைன் ஏன் கிடந்து பழசாக வேணும்? மார்கழியிலை நத்தாருக்கு அவ வந்திடுவா. ஆள் வராதவன் போடட்டும் தூள்!"

"பூசை வைனுக்கும் போடுறவங்கள், அண்ணை."

அதன்பிறகு எமிலியானுஸ் ஒரு கிழமை ஸ்ரான்லியோடு கதைக்கவில்லை. ஆலயத்தில் பூசை வைக்கிற சுவாமியோடும்தான்.

நத்தார் போனது. உயிர்த்த ஞாயிறும் போனது. றோசமலரின் வீசா இரண்டு தரம் மறுக்கப்பட்டது.

ஆனியில், ஆபிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வரும் சூட்டுக் காற்று வீசத் தொடங்கியது. மருந்தில்லாத வைனை அந்தக் காற்று விட்டுவைக்காது. கொஞ்ச நாளில் புளித்து வினாகிரிதான்.

மூன்றாம் மறுப்பு வெள்ளிக்கிழமை வந்தது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, எமிலியானுஸ் வீடியோவில் றோசமலரைக் கூப்பிட்டார். இருவரும் வீசாவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கதைத்தார்கள். மன்னாரில் மழை இல்லை. பலெர்மோவிலும் மழை இல்லை. அந்தளவில் இரண்டு ஊரும் ஒன்று.

அவளுக்குப் பின்னால் சுவரோரமாக, பயணத்துக்கென்று வாங்கிய சிவப்புச் சூட்கேஸ் நின்றது. கொழுத்துப் போயிருந்தது.

"என்ன, உடுப்பெல்லாம் அடுக்கியாச்சோ?"

"அரிசி போட்டு வைச்சிருக்கிறன்," என்றாள் றோசமலர். "எலி உள்ளுக்குப் பூராது. நல்ல சாமானப்பா."

நல்ல சாமான்தான் என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

போனை வைத்துவிட்டுக் குடுவையை வெளியே இழுத்தார். தக்கையைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். இன்னும் வைன்தான்.

ஸ்ரான்லி நாளை வேலைக்குப் போடுகிற சேட்டை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிக்கொண்டிருந்தான். அவனுடைய சுவர்த் தட்டிலிருந்து எமிலியானுஸ் தூள் பக்கற்றைச் சத்தம் வராமல் எடுக்கப் பார்த்தார். அந்தப் பக்கற் சத்தம் போடாமல் வருகிற சாதி இல்லை.

"ஒரு கிராம் காணும், அண்ணை," என்றான் ஸ்ரான்லி, திரும்பாமலே. "முதல் வருசம் நானும் போடேல்லை."

எமிலியானுஸ் கிளாசில் கொஞ்சம் வைன் வார்த்து, தூளைப் போட்டுக் கரண்டிக் காம்பால் கலக்கினார். தீக்குச்சி உரசியதுபோல நெடி மூக்கில் ஏறியது. கண் கலங்கியதற்கு அது போதுமான காரணம்.

கரைத்ததைக் குடுவைக்குள் ஊற்றி, தக்கையை இறுக்கினார்.

பிறகு அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். முன்பு கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. இந்தமுறை சுவரில் முட்டும்வரை தள்ளினார்.