விழாத கோடு

“அதுக்கு நான்தான் கெடைச்சனா? மந்தாரக்குப்பத்துல ரத்தத்துக்கா பஞ்சம்?”

“இந்தப் பக்கம் வந்து சொல்லு.”

செங்குட்டுவன் எழுந்து அக்காவின் வலப்பக்கம் போய் உட்கார்ந்தான். ஆறாம் வகுப்பில் வந்த மூளைக்காய்ச்சல் இசைப்பிரியாவின் இடது காதைக் கொண்டுபோயிருந்தது. வீட்டில் எல்லோருக்கும் அது பழகிவிட்ட சங்கதி.

புதுச்சேரியில் ஆராய்ச்சி செய்கிறவள் ஐஸ் பெட்டியோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். அவன் அப்போதுதான் ஷிஃப்ட் முடித்து வந்திருந்தான். காதோரம் நிலக்கரித் தூள் இன்னும் போகவில்லை. அவள் ஊசியை எடுத்து வைத்ததுமே இட்லித் தட்டைத் தள்ளிவிட்டான்.

சுரங்கத்தில் நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் புகுந்து வேலை பார்க்கிறவனுக்கு ஊசி என்றால் மட்டும் ஆகாது.

“கிருமிய ஓட்டை போட்டுக் கொல்ற ஒரு புரதம் எல்லார் ரத்தத்துலயும் இருக்கும்டா. அத மட்டும் தேடிப் புடிக்கத்தான் எங்க ஆன்டிபாடி. புடிச்சா சோதனைத் தாள்ல கோடு விழும். எல்லாருக்கும் விழுந்துச்சு. ஒரு ஆளுக்கு மட்டும் விழல.”

“எங்க பெல்ட்டுலயும் மெட்டல் டிடெக்டர் இருக்கு. மணி அடிக்கலன்னா, ஒண்ணு இரும்பு இல்ல, இல்லன்னா டிடெக்டர் காலி.”

“எங்க கைடு சாரும் டிடெக்டர் காலின்றாரு. இந்த ஆன்டிபாடிய நம்பாத, வேற வாங்குன்றாரு. நான் திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். அது பொய் சொல்லல.”

“ஒரு கோடுதானேக்கா. வுட்டுடேன்.”

“அந்தப் புரதம் நெசமாவே இல்லன்னா, அடுத்த காய்ச்சல்ல அந்த ஆளு உசிரே போவும். இப்பவே தெரிஞ்சா தடுப்பூசி போட்டுக்கலாம்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. குரல் உயராதபோதுதான் அவளிடம் பயப்பட வேண்டும். இனி மாலை வரை உட்கார்ந்திருந்தாவது வாங்கிக்கொண்டுதான் போவாள்.

“சரி, சாரை எப்படி நம்ப வைப்ப?”

“இது பொறப்புலயே வர்ற கொறை. கூடப் பொறந்தவங்களுக்கும் கோடு மங்கிப்போயோ, இல்லாமலோ இருந்துச்சுன்னா அவரு நம்பித்தான் ஆவணும்.”

செங்குட்டுவன் சிரித்தான். தப்பிக்க வழி கிடைத்துவிட்டது.

“அப்ப அந்த ஆளுக்கு அண்ணன் தம்பி யாருமில்லையா? அவனைப் போய்க் குத்து. எதுக்கு என்னப் புடிச்சிகினு உக்காந்துருக்க?”

இசைப்பிரியா உடனே பதில் சொல்லவில்லை. அவன் வலப்பக்கம்தான் இருந்தான். கேட்காமல் இருந்திருக்காது.

ரப்பர் பட்டையை இரண்டு கையாலும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

“அவன்கிட்டத்தான் கேட்டுகினு இருக்கேன். கைய நீட்டு, குட்டுவா.”