கொசுறு

"உங்க குழந்தைக்குக் குரோமோசோம் ஒண்ணு கூடுதலா இருக்கு," என்று புதுச்சேரி டாக்டரம்மா சொன்னதும் அன்புக்கரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் பொம்மைக்குக் கண் எழுதுகிறவள் அவள். டஜனுக்கு ஒரு பொம்மை கூடுதலாகக் கொடுத்தால் வாங்குகிறவர்கள் எப்படிச் சந்தோஷப்படுவார்கள்!

"கொசுறுங்களா?" என்றாள்.

"சும்மா கெட," என்று அதட்டினான் அண்ணன் கலியமூர்த்தி. அண்ணி இளமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பனிக்குடத் தண்ணிய எடுத்துப் பார்த்தாச்சு, சந்தேகமே இல்ல. புத்தி மெதுவாத்தான் வளரும். ஆனா பேசும், பழகும், சொல்லிக் குடுத்தா வேலைகூட செய்யும். வச்சுக்கறதும் வேணாங்கறதும் உங்க முடிவு."

"கலைச்சிடுங்கம்மா," என்றான் அண்ணன். "அதெல்லாம் ஒரு புள்ளையா? வேலை செய்யுமாம்! அப்படி ஒண்ண நாங்க கண்டதே இல்லீங்க."

அன்புக்கரசிக்குப் பகீரென்றது. பிறக்கப்போகும் குழந்தைக்கென்று அவள் ஒரு பொம்மையை எடுத்து வைத்திருந்தாள்.

டாக்டரம்மா அப்போதுதான் ரிப்போர்ட்டிலிருந்து நிமிர்ந்து அவளை நன்றாகப் பார்த்தார். மேல்நோக்கிச் சாய்ந்த சின்னக் கண்கள், தட்டை மூக்கு, குட்டை விரல்கள். ரிப்போர்ட்டில் இருந்த அந்தக் கூடுதல் ஒன்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

"இவங்க யாரு? உங்க தங்கச்சியா?"

"இல்லீங்க," என்றான் அண்ணன், தரையைப் பார்த்தபடி. "பட்டறையில வேலை செய்யிற பொண்ணு. தொணைக்கு வந்துச்சு."

அண்ணன் ஏன் அப்படிச் சொன்னான் என்று அன்புக்கரசிக்கு விளங்கவில்லை. ஆனாலும் அவனை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"ஆமாங்கம்மா," என்றாள். "நல்லா வேலை செய்வேன்."