யாரும் கவனிக்காத மேளக்காரன்

"இப்பல்லாம் வாடகைக்கு வர்றவனுங்க பொட்டி படுக்கையோட வர்றதில்ல. தெருவையே எழுப்பற மிஷினோட வர்றானுங்க. நாளைக்குக் காலையில ரூம காலி பண்ணிடு."

படியைத் தாண்டாமலே சொன்னார் வீட்டுக்காரர் துரைசாமி. பின்கட்டு அறையில் குடியிருந்த ஆபேல் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தான். ஷூ கம்பெனி ஆபீசில் குமாஸ்தா. அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம்.

"பெரியவரே, இந்த ரூம காட்டித்தான் லில்லி வீட்ல பொண்ணு கேட்டேன். இப்ப காலின்னு சொன்னா அவங்கப்பா கல்யாணத்தையே நிறுத்திடுவாரு."

"அப்ப அந்தப் பாட்டுத் தட்ட நிறுத்து."

"அது மட்டும் முடியாது."

துரைசாமி அவனை மேலும் கீழும் பார்த்தார். "பொண்ண விட தட்டு ஜாஸ்தியா உனக்கு?"

"லில்லியும் இதையேதான் கேட்டா."

ஆபேல் இசைத்தட்டின் அட்டையை எடுத்து நீட்டினான். அதில் ஒரு வெள்ளைக்காரன் இடுப்பளவு தண்ணீரில் கழுதையோடு நின்றுகொண்டிருந்தான்.

"எழுபத்தொண்ணுல லண்டன்ல வந்த ரெக்கார்டு. அங்கயே எவனும் வாங்கல. எங்க கம்பெனிக்கு ஷூ பாக்க வந்த ஜெர்மன்காரரு, இதுல ஒண்ணுமே இல்லன்னு எனக்குக் குடுத்துட்டுப் போய்ட்டாரு."

"ஓசியிலயா?"

"ஆமா."

"தோல்ல ஊசி முனை ஓட்டை இருந்தா லாரியோட திருப்பி அனுப்பறவன் அவன். அவன் சும்மா குடுத்தான்னா யோசிக்க வேணாம்?"

"அதான் பெரியவரே விசயம். உலகமே தவறவிட்ட ரெக்கார்டு இது. இதுல ஒரு மேளக்காரன் இருக்கான் பாருங்க, அந்த அடி மாதிரி நான் எங்கயும் கேட்டதில்ல. பாகாயத்துல என் தோஸ்த் சத்தியநாதன் வீட்ல போட்டுக் காட்டினேன். எங்கடா மேளம், ஈ ஓட்டற மாதிரி இருக்குங்கறான். அவன் மிஷின் மட்டம்."

"உன் மிஷின்ல மட்டும் நல்லா கேக்குதா?"

"நெஞ்சுல எறங்கும். வெள்ளிக்கிழமை மட்டும் கொஞ்சம் சப்புனு இருக்கும். வோல்டேஜ் கம்மி."

துரைசாமி உதட்டைப் பிதுக்கினார். வோல்டேஜையும் அவர் நம்பியதில்லை.

"ஒரு பக்கம் மட்டும் கேளுங்க" என்றான் ஆபேல். "ஒரு எடம்கூட புடிக்கலன்னா காலையில நானே மூட்டையக் கட்டிடறேன். புடிச்சிருந்தா, கல்யாணம் முடிஞ்சும் நாங்க இங்கதான்."

"ஏமாத்தறதுன்னா இப்பவே சொல்லிடு" என்றபடி துரைசாமி உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

தட்டு சுழன்றது. பாட்டுக்காரன் ஆரம்பித்தான்.

"இன்னா, வயித்து வலியா அவனுக்கு?"

"கொஞ்சம் பொறுங்க."

கிடார் வந்தது.

"தகரத்தத் தார் ரோட்ல இழுத்துட்டுப் போறான். இதுக்குத்தான் பொண்ணயே விடறேங்கறியா?"

ஆபேல் நகத்தைக் கடித்தான். இரண்டு பாட்டு முடிந்தது. துரைசாமி கொட்டாவி விட்டார். எழுந்திருக்கத் துண்டை உதறினார்.

மூன்றாவது பாட்டு மெதுவானது. தொம்... தொதொம்... தொம்... தொதொம்...

துண்டு பாதியில் நின்றது. துரைசாமியின் வலது பெருவிரல் தரையில் தட்டியது. பிறகு பாதம். பிறகு, அவரைக் கேட்காமலே தலை ஆடியது.

"யாருப்பா அந்த ஆளு?"

"எந்த ஆளு பெரியவரே?"

"அடியில நின்னு அடிக்கிறானே, அவன்."

"அவன்தான். நான் சொன்னேனே, அவனேதான்."

"மத்தவனுங்க கத்தறானுங்க, குதிக்கறானுங்க. இவன் ஒருத்தன்தான் ஒழுங்கா வேல செய்றான். நிதானம் தப்பல பாரு. இவனுக்குத்தான் கூலியும் கம்மியா குடுத்திருப்பானுங்க."

"லண்டன்காரனுக்குப் புரியாதது உங்களுக்குப் புரிஞ்சிருச்சு."

"பீத்தாத. மத்ததெல்லாம் குப்பை. இந்த ஆளுக்காக ரூமு உனக்கு. கல்யாணம் முடிஞ்சும் இருந்துக்க."

ஆபேல் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டான். "பாத்தீங்களா, நல்ல சங்கீதத்துக்கு பாஷை தேவையில்ல பெரிய..."

கரண்ட் போயிற்று.

பல்பு அணைந்தது. பாட்டுக்காரன் குரல் இழுத்து, முனகி, கிணற்றில் விழுந்தவன்போல அடங்கியது. தட்டு நின்றது.

தொம்... தொதொம்... தொம்... தொதொம்...

இருவரும் மெல்லப் பின்சுவர்ப் பக்கம் திரும்பினார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம், வெள்ளிக்கிழமை மட்டும் லீவு விடும் லியாகத் அலி பாயின் தோல் பதனிடும் டேனரியில், ஆயில் இன்ஜின் தயவில் பெரிய மர டிரம் சுழன்றுகொண்டிருந்தது. உள்ளே ஈரத்தோல்கள் ஏறி ஏறி விழுந்துகொண்டிருந்தன. கேட்டுக் கேட்டு அந்தத் தெருவில் யார் காதிலும் விழாமல் போன சத்தம்.

ஆபேல் நின்றுபோன தட்டிலிருந்து ஊசியை எடுத்தான்.

"பெரியவரே... ரூமு?"

"சொன்னது சொன்னதுதான். இருந்துக்க." துரைசாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். "ஆனா ஜெர்மன்காரன் சொன்னதுதான் சரி. அந்தத் தட்டுல ஒண்ணுமே இல்ல."

இருட்டில் நடந்துகொண்டே தனக்குத்தானே முனகினார்: "போன வருசம் வரைக்கும் அந்த டிரம்ம ஓட்டினவன் நானு. எவனாவது ஒரு நாள் தலையாட்டியிருப்பானா?"