அடங்கிப்போன கருவி

அணு உலை விபத்துக்குப் பிறகு ஜன்னல் இடுக்குகளை எல்லாம் டேப் ஒட்டி அடைத்தோம். வெளியே போய் வந்தவர்கள் குளித்து உடை மாற்றாமல் கூடத்துக்குள் கால் வைக்க நான் விடவில்லை. என் மருமகளுக்கு நிறைமாதம்.

தினமும் காலையில் நர்ஸ் கதிர்வீச்சு அளக்கும் கருவியோடு வருவார். எங்கே வைத்தாலும் அது கொஞ்சமாவது டிக் டிக்கென்று அடிக்கும். மருமகளின் வயிற்றருகே மட்டும் நின்றுவிட்டது. வேறு கருவி கொண்டுவந்தார். அதுவும் நின்றது.

"இப்படி ஆகவே ஆகாதுங்க ஐயா!"

"எங்க குடும்பத்துல ஆகும்" என்றேன்.

மருமகள் சிரித்தாள். "பிள்ளையும் மாமா மாதிரியேதான். பக்கத்துல யாரும் சத்தம் போடக் கூடாது."

என் முகத்துக்கு நேரே இந்த வீட்டில் யாரும் அப்படிப் பேசியதில்லை. நானும் சிரித்துவிட்டேன்.

பேத்தி விடியற்காலையில் பிறந்தாள். நர்ஸ் கருவியோடு வெளியே போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "ஐயா, தெருவுலயே கருவி அடிக்கலை!"

அதற்காக ஜன்னலைத் திறக்க நான் சம்மதிக்கவில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். முகக்கவசத்தோடு தெருவே எங்கள் வாசலில் நின்றது. கண்ணாடியோரம் பேத்தியைத் தூக்கிக் காட்டினேன். கைதட்டினார்கள்.

இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். அடுத்த தெருவிலும் கைதட்டல் கேட்டது.